லடாக் மடாலய நடைவழிகள்

லடாக் ஒன்றியப் பகுதியில் பௌத்த மடாலயங்களையும் அவற்றைச் சார்ந்த சிற்றூர்களையும் இணைக்கும் மலைப்பாதைகள் லடாக் மடாலய நடைவழிகள் எனப்படும். இமயமலைத் தொடருக்கு வடக்கே, பெரும்பாலும் 3,000 மீட்டருக்கு மேற்பட்ட வறண்ட பள்ளத்தாக்குகளில், சிந்து, சன்ஸ்கார் ஆறுகளை ஒட்டியும் இடைப்பட்ட கணவாய்களைத் தாண்டியும் இவை செல்கின்றன. 1974இல் லடாக் சுற்றுலாவுக்குத் திறந்துவிடப்பட்ட பிறகே இவை 'டிரெக்கிங்' தடங்களாகப் பெயர் பெற்றன. அதற்கு முன் பல நூறு ஆண்டுகளாக பார்லி, வெண்ணெய், உப்பு மூட்டைகள் குதிரை, கழுதை முதுகில் போய்வந்த வழிகள்தாம் இவை.

தருமபுரி போன்ற மழை குறைந்த மாவட்டத்திலிருந்து செல்பவருக்கும் லடாக்கின் வறட்சி புதிதாகவே இருக்கும். தருமபுரியில் ஆண்டுக்கு 800 மி.மீ.க்கு மேல் மழை உண்டு; லே நகரில் சுமார் 100 மி.மீ.தான். பருவமழை மேகங்களை இமயமலையின் உயர்ந்த தொடர்கள் தெற்கிலேயே தடுத்துவிடுகின்றன. மானாவாரி என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை. பனி உருகி வரும் ஓடை நீரைக் கால்வாய் வெட்டித் திருப்பித்தான் பார்லியும் பட்டாணியும் விளைகின்றன. எந்த வயலுக்கு எப்போது மடை திறப்பது என்பதைப் பார்த்துக்கொள்ள ஊரில் 'சுர்போன்' ஒருவர் இருப்பார். நம் ஏரிப்பாசன ஊர்களில் நீர்க்கட்டி செய்யும் வேலைதான் அவருடையது. நடைவழிகளின் அமைப்பைப் புரிந்துகொள்ள இந்த நீர்க்கணக்கு போதும். ஓடை உள்ள இடத்தில் ஊர், ஊருக்கு மேலே பாறையில் கோம்பா எனப்படும் மடாலயம், அடுத்த ஓடை வரை ஒரு நாள் நடை.

தடங்கள்

சிந்து ஆற்றுக்கு வடக்கே உள்ள ஷாம் பகுதித் தடமே எளிமையானது. லிகிரில் தொடங்கி யங்தாங், ஹெமிஸ் சுக்பச்சன் வழியாகத் தெமிஸ்கங்கில் முடியும். கணவாய்கள் 4,000 மீட்டரை எட்டுவதில்லை. லிகிர், திபெத்திய பௌத்தத்தின் கெலுக் மரபைச் சேர்ந்த மடாலயம். அதன் திறந்தவெளி மைத்ரேயர் சிலை தொலைவிலிருந்தே தெரியும். யங்தாங்கிலிருந்து பள்ளத்தாக்கில் இறங்கினால், 19ஆம் நூற்றாண்டில் நிறுவப்பட்டதும் கடுமையான துறவு ஒழுக்கத்துக்குப் பேர்போனதுமான ரிசோங் மடாலயம் வரும். தெமிஸ்கங், திபெத்துக்கும் லடாக்குக்கும் 1684இல் உடன்படிக்கை ஏற்பட்ட ஊர். அருகில் சிந்துவின் மறுகரையில் இருக்கும் அல்ச்சியைத் தவறவிடக் கூடாது. அது குன்றின் உச்சியில் இல்லாமல் சமநிலத்தில் அமைந்த கோயில் தொகுதி. காஷ்மீர ஓவிய மரபு காஷ்மீரிலேயே அழிந்துபோன பின், அதன் சிறந்த சுவரோவியங்கள் எஞ்சியிருக்கும் இடங்களில் இது முதன்மையானது.

மார்க்கா பள்ளத்தாக்குத் தடம் ஸ்கியூ, மார்க்கா, நிமாலிங் மேய்ச்சல்வெளி வழியாக 5,200 மீட்டருக்கு அருகில் உள்ள கொங்மாரு லா கணவாயைத் தாண்டி ஹெமிஸ் பக்கம் இறங்குகிறது. பெரும்பகுதி ஹெமிஸ் தேசியப் பூங்காவுக்குள் வருகிறது. இது பனிச்சிறுத்தை வாழும் காடு. ஆனால் மரம் தேடினால் கிடைக்காது. கொட்டிலில் புகுந்து ஆடுகளைக் கொல்லும் சிறுத்தையை ஊரார் பழிவாங்காமல் இருக்க வேண்டுமானால், அந்த விலங்கால் அவர்களுக்கு வருமானம் வர வேண்டும் என்ற எண்ணத்தில் 2000களின் தொடக்கத்தில் வீடுகளில் தங்கவைக்கும் ஏற்பாடு வந்தது. கூடாரம் சுமக்காமல் நடக்க முடிவது அதனால்தான். ஹெமிஸ் மடாலயத்தின் பெரிய தங்கா ஓவியத் திரை 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை மட்டுமே விரித்துக் காட்டப்படும். 2004இலும் 2016இலும் விரித்தார்கள்.

இவை இரண்டையும்விடச் சன்ஸ்கார் தடம் வேறு தரம். லாமாயுருவில் தொடங்கி வன்லா, போட்டோக்சர் கடந்து, 5,000 மீட்டரை ஒட்டிய சிங்கே லா ஏறி லிங்ஷெட் மடாலயத்தை அடைந்து, மீண்டும் ஹனுமா லா ஏறி இறங்கி, சன்ஸ்காரின் மிகப் பெரிய மடாலயமான கர்ஷாவுக்கும் தலைமையிடமான பதுமுக்கும் வருவது முதல் பாதி. பதுமிலிருந்து தெற்கே லுங்னாக் பள்ளத்தாக்கில் பூர்னே, கர்க்யாக் தாண்டி, சுமார் 5,090 மீட்டர் உயரமுள்ள ஷிங்கோ லாவைக் கடந்து இமாசலப் பிரதேசத்தின் டார்ச்சாவில் இறங்குவது இரண்டாம் பாதி. சாலை வருவதற்கு முன் முழுத் தடத்துக்கும் மூன்று வாரம் வரை பிடித்தது.

புக்தல்

இரண்டாம் பாதியில் பூர்னேயிலிருந்து சாரப் ஆற்றோரம் கிளை பிரிந்து சென்றால் புக்தல் மடாலயம். செங்குத்துப் பாறையில் வாய் பிளந்த பெரிய குகைதான் மூலவிடம். அதன் வாயிலில் தொடங்கி, வெள்ளையடித்த மண் வீடுகள் ஒன்றின் தோளில் ஒன்றாக ஆற்றை நோக்கி இறங்குகின்றன. மரமும் மண்ணும் கல்லும் தவிர வேறு கட்டுமானப் பொருள் இல்லை. குகைக்குள்ளே ஊற்று இருக்கிறது. அதுவே துறவிகள் இங்கே தங்கக் காரணம். 15ஆம் நூற்றாண்டிலிருந்து இது கெலுக் மரபைச் சேர்ந்தது.

ஹங்கேரிய மொழியறிஞர் அலெக்சாண்டர் சோமா தெ கொரோஸ் 1825-26இல் இங்கே தங்கித் திபெத்திய மொழி பயின்றார். அதற்கு முன் சன்ஸ்காரின் சங்லாவில் லாமா ஒருவரிடம் பயின்றிருந்தார். அவருடைய திபெத்திய–ஆங்கில அகராதி 1834இல் கல்கத்தாவில் வெளிவந்தது. அவர் நினைவாகப் புக்தலில் கல்வெட்டு பதித்திருக்கிறார்கள்.

2014 டிசம்பர் 31 அன்று மலைச்சரிவு ஒன்று சாரப் ஆற்றை அடைத்துக்கொண்டது. பின்னால் கிலோமீட்டர் கணக்கில் நீர் தேங்கியது. 2015 மே 7 அன்று அந்த அணை உடைந்து, கீழே இருந்த பாலங்களை வெள்ளம் அடித்துச் சென்றது. உயிர்ச்சேதம் இல்லை.

உயரமும் உடலும்

தென்னிந்தியாவின் மிக உயர்ந்த சிகரமான ஆனைமுடி 2,695 மீட்டர். லேயின் கடைத்தெருவே சுமார் 3,500 மீட்டரில் இருக்கிறது. வத்தல்மலையும் தீர்த்தமலையும் ஏறிப் பழகினால் கால் பழகும், மூச்சு பழகாது. லேயில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்கு. 5,000 மீட்டர் கணவாயில் பாதிக்குச் சற்று மேல். டெல்லியிலிருந்து விமானத்தில் ஒன்றரை மணி நேரத்துக்குள் லேயில் இறங்கிவிடுவதால் உடல் தயாராக வாய்ப்பே இல்லை. முதல் இரண்டு நாள் ஊரிலேயே ஓய்வெடுக்க வேண்டும். அதன்பின் இரவு தங்கும் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது. தலைவலி, குமட்டல், தூக்கமின்மை ஆகியவை முதல் அறிகுறிகள். அவற்றோடு ஏறினால் நுரையீரலில் நீர் கோக்கலாம், மூளை வீங்கலாம். இரண்டும் உயிரைப் பறிப்பவை. உடனே கீழே இறங்குவதுதான் முதல் மருத்துவம். உடற்பயிற்சி செய்த இளைஞர் என்பதால் எவருக்கும் விலக்கு கிடையாது. வேகமாக ஏறுவதால் அவர்களே அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஓடைகளைக் காலையிலேயே கடக்க வேண்டும். வெயில் ஏற ஏறப் பனி உருகி, காலையில் கணுக்காலளவு ஓடிய நீர் பிற்பகலில் இடுப்பைத் தொடும். நடைக்கு ஏற்ற காலம் ஜூன் பிற்பகுதி முதல் செப்டம்பர் வரை.

நடைமுறை

தருமபுரிக்குப் பக்கத்துச் சேலத்தில் தலைவெட்டி முனியப்பனாக வழிபடப்பட்டுவந்த சிலை புத்தருடையது என்று 2022இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கொங்குப் பகுதியில் பௌத்தம் பெரும்பாலும் இப்படிச் சிலையாகத்தான் எஞ்சியிருக்கிறது. லடாக்கில் அது வேளை தவறாத பூசையும் வெண்ணெய்த் தேநீரும் ஊர்ப் பிள்ளைகள் படிக்கும் பள்ளியுமாக நடக்கிறது. பூசை மண்டபத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு, வலம் வரும் முறையில் செல்ல வேண்டும். பாதையோரம் மந்திரம் செதுக்கிய கற்களை அடுக்கிய மணிச்சுவர் வந்தால் அது வலக்கைப் பக்கம் இருக்கும்படி நடப்பார்கள். அதிலிருந்து ஒரு கல்லை நினைவாக எடுத்துவருவது திருட்டு.

சாலை வந்த பின்

எல்லைச் சாலைகள் அமைப்பு 298 கி.மீ. நீளமுள்ள நிம்மு–பதும்–டார்ச்சா சாலையை 2024 மார்ச்சில் இணைத்து முடித்தது. ஷிங்கோ லாவுக்கு அடியில் சுமார் 4.1 கி.மீ. சுரங்கப்பாதைக்கான முதல் வெடி அதே ஆண்டு ஜூலை 26இல் வைக்கப்பட்டது. லிங்ஷெட்டையும் வண்டிச் சாலை தொட்டுவிட்டது. பழைய தடத்தின் பெரும்பகுதியில் இப்போது லாரிப் புழுதிதான். நடைக்காரர்கள் வருந்துகிறார்கள், ஆனால் குளிர்காலத்தில் மாதக்கணக்கில் அடைபட்டுக் கிடந்த ஊரிலிருந்து பிரசவ வலி கண்ட பெண்ணை மருத்துவமனைக்கு அனுப்ப வழியில்லாமல் இருந்தவர்களின் கணக்கு வேறு, அதுவே நியாயமான கணக்கு. பழைய வழிகாட்டி நூல்களில் காணும் சன்ஸ்கார் நாள் கணக்கு இனிச் செல்லாது. புறப்படுமுன் லேயில் குதிரைக்காரர்களிடம் சாலை எதுவரை வந்திருக்கிறது என்று கேட்டுக்கொள்ள வேண்டும். புக்தலுக்கு மட்டும் கடைசித் தொலைவை இன்றும் நடந்தே கடக்க வேண்டும்.