கூரையில் எங்கே துளையிடுவது? - ஒளிக்குழாயின் கதை

நடுப்பகலிலும் விளக்குப் போட்டால்தான் ஆள் முகம் தெரியும் என்ற நிலையில் உள்ள அறைகள் பல வீடுகளில் உண்டு. இரு புறமும் பக்கத்து வீட்டுச் சுவர்கள் ஒட்டி நிற்கும். நடு அறைக்கு ஜன்னல் வைக்க வழியே இருக்காது. மிஞ்சுவது கூரை மட்டும்தான். ஆனால் கூரையில் துளையிட்டால் வெளிச்சத்தோடு மழையும் வெயிலும் சேர்ந்தே உள்ளே வரும். எனவே துளை போடுவதை விட, அதை எங்கே போடுவது என்பதுதான் பெரிய கேள்வி. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக மனிதர்கள் இந்தக் கேள்விக்கு விடை தேடி வந்திருக்கிறார்கள். இன்று வீடுகளில் பொருத்தப்படும் ஒளிக்குழாய் அந்தத் தேடலில் பிறந்ததுதான்.

ரோமானியர் திறந்து வைத்த கூரை

பழைய ரோமானிய வீடுகளுக்குத் தெருப்பக்கம் ஜன்னல்கள் மிகக் குறைவு. இருந்தாலும் சிறியவை. கி.பி. 79ல் வெசுவியஸ் எரிமலையின் சாம்பலில் புதைந்த பொம்பெயி நகர வீடுகளில் இதை இன்றும் காணலாம். வீட்டின் நடுக்கூடத்துக்கு 'ஏட்ரியம்' என்று பெயர். அதன் கூரை நடுவில் திறந்திருக்கும். நேர் கீழே தரையில் ஆழம் குறைந்த ஒரு தொட்டி. மழை அதில் விழும், வெளிச்சம் கூடத்தில் விழும். சுற்றியுள்ள அறைகள் கூடத்திலிருந்து வெளிச்சத்தைப் பெற்றுக்கொள்ளும். செட்டிநாட்டு வீடுகளின் முற்றமும் இதே வேலையைத்தான் செய்கிறது.

ரோம் நகரின் பாந்தியன் ஆலயம் இன்னொரு பாடம். பேரரசர் ஹேட்ரியன் காலத்தில், சுமார் கி.பி. 126ல் கட்டி முடிக்கப்பட்டது. அதன் குவிமாடத்தின் குறுக்களவு சுமார் 43 மீட்டர். உச்சியில் 8 மீட்டருக்கும் அதிக அகலமுள்ள ஒரு வட்டத் துளை. அதற்கு மூடி கிடையாது. உள்ளே விழும் மழைநீர் வடிய தரையில் சிறு துளைகள் வைத்திருக்கிறார்கள். உச்சியில் துளை விட்டதால் குவிமாடத்தின் எடையும் குறைந்தது. வெளிச்சத்துக்கு ஏற்ற இடமும் கட்டடத்தின் பலத்துக்கு ஏற்ற இடமும் இங்கே ஒன்றாகவே அமைந்துவிட்டன. எல்லா வீடுகளிலும் அப்படி அமைவதில்லை.

வெளிச்சத்துக்கு வரி

இங்கிலாந்தில் 1696ல் ஜன்னல் வரி வந்தது. ஒரு வீட்டில் எத்தனை ஜன்னல்கள் என்று எண்ணி வரி போட்டார்கள். வரிக்குப் பயந்து பலர் ஜன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்தனர். பல குடும்பங்கள் ஒண்டுக்குடித்தனம் இருந்த கட்டடம் ஒரே வீடாகக் கணக்கிடப்பட்டது. வரி கட்ட வேண்டியவர் வீட்டுக்காரர். ஆனால் ஜன்னலை அடைத்ததால் இருட்டிலும் புழுக்கத்திலும் கிடந்தவர்கள் குடியிருந்த ஏழைகள். இது நோயைப் பரப்புகிறது என்று மருத்துவர்கள் எதிர்த்தார்கள். கடைசியில் 1851ல்தான் இந்த வரி நீக்கப்பட்டது. வெளிச்சம் இல்லாத வீடு வசதிக் குறைவு மட்டுமல்ல, உடல்நலக் கேடும் கூட என்பதை அந்த 155 ஆண்டுகள் காட்டின.

கப்பலிலும் நடைபாதையிலும்

மரக்கப்பலின் கீழ்த்தளத்தில் விளக்கு ஏற்றுவது ஆபத்து. தீப்பிடித்தால் நடுக்கடலில் ஓட இடமில்லை. எனவே மேல்தளப் பலகையில் துளையிட்டு, கனத்த கண்ணாடிப் பட்டகங்களைப் பதித்தார்கள். மேலே தட்டையாக இருக்கும், நடந்தால் தடுக்காது. கீழே கூம்பு போலக் குவிந்திருக்கும். அது வெளிச்சத்தை நாலா பக்கமும் பரப்பும். சிறு துளைதான் என்றாலும் சரியான இடத்தில் இருந்தால் போதும் என்பதைக் கப்பல் தச்சர்கள் கண்டுகொண்டார்கள்.

இதே யோசனை தரைக்கும் வந்தது. நியூயார்க் நகரக் கடைகளின் நிலவறைகள் நடைபாதைக்கு அடியிலும் நீண்டிருந்தன. அவற்றுக்கு நடைபாதையே கூரை. தாடியஸ் ஹயாட் என்பவர், இரும்புத் தகட்டில் சிறு கண்ணாடித் துண்டுகளைப் பதித்து அங்கே பொருத்தும் முறைக்கு 1845ல் காப்புரிமை பெற்றார். ஊர் மேலே நடந்தது, கீழே ஆட்கள் பகல் வெளிச்சத்தில் வேலை செய்தார்கள்.

குழாயில் வெளிச்சம்

தண்ணீரைப் போல வெளிச்சத்தையும் குழாயில் அனுப்ப முடியுமா? வில்லியம் வீலர் என்ற அமெரிக்கப் பொறியாளர் முயன்று பார்த்தார். நிலவறையில் ஒரே ஒரு பிரகாசமான மின்வில் விளக்கை வைத்து, உட்புறம் பளபளப்பான குழாய்கள் மூலம் எல்லா அறைகளுக்கும் வெளிச்சம் அனுப்பும் திட்டத்துக்கு 1881ல் காப்புரிமை பெற்றார். ஆனால் எடிசனின் மின்விளக்கு அப்போதே வந்துவிட்டது. அறைக்கு ஒரு விளக்கு கிடைக்கும்போது குழாய் எதற்கு? வீலரின் திட்டம் வீடுகளுக்கு வரவில்லை.

மின்சாரம் மலிவாக இருந்த வரை சூரிய வெளிச்சத்தைப் பற்றிக் கவலைப்பட்டவர்கள் குறைவு. 1973ல் எண்ணெய் நெருக்கடி வந்தது. பகலில் விளக்கு எரிப்பது வீண் செலவு என்ற எண்ணம் மீண்டும் தலைதூக்கியது. 1980களில் ஆஸ்திரேலியாவில் இன்றைய ஒளிக்குழாய் உருவானது. 1990களின் தொடக்கத்தில் 'சோலாடியூப்' என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. கூரை மேல் ஒளி புகும் சிறு குமிழ் மூடி, நடுவில் கண்ணாடி போல மின்னும் உலோகக் குழாய், அறையின் உட்கூரையில் வெளிச்சத்தைப் பரப்பும் வட்டத் தட்டு. அவ்வளவுதான். துளை சிறியது, மூடப்பட்டது. எனவே மழை வராது, பெரிய கண்ணாடிக் கூரை போல வெப்பமும் கொட்டாது.

எங்கே வைப்பது?

ஒளிக்குழாயின் பலன் அது வைக்கப்படும் இடத்தைப் பொறுத்தது. இதற்கு ஒரு சிறு கணக்கு உண்டு. குழாயின் உட்சுவர் ஒவ்வொரு முறையும் 98 விழுக்காடு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பினால், 20 முறை பட்டுத் தெறித்த பின் சுமார் 67 விழுக்காடு மிஞ்சும். 90 விழுக்காடு மட்டுமே திருப்பினால் மிஞ்சுவது 12 விழுக்காடுதான். எனவே குழாய் குட்டையாகவும் நேராகவும் இருக்க வேண்டும். வளைவு கூடக் கூட வெளிச்சம் குறையும்.

கூரையில் மரநிழலோ, தண்ணீர்த் தொட்டியின் நிழலோ, அடுத்த மாடியின் நிழலோ விழாத இடம் வேண்டும். இரண்டு சரிவுகள் கூடும் இடத்தில் மழைநீர் பெருகி ஓடும், அங்கே வைத்தால் ஒழுகும். சட்டங்களை வெட்டாமல் அவற்றின் இடைவெளியில் துளையிட வேண்டும். கான்கிரீட் கூரையாக இருந்தால் உள்ளே கம்பிகள் ஓடும். ஆகவே கூரை போடும் முன்பே இடத்தை முடிவு செய்வது நல்லது.

அறைகளில் நடைவழி, மாடிப்படி, குளியலறை, ஜன்னல் இல்லாத சமையலறை ஆகியவை முதலிடம் பெறும். ஏற்கெனவே ஜன்னல் உள்ள கூடத்தில் வைப்பதால் பெரிய பலன் இல்லை. படுக்கையறையில் வைத்தால் மூடி தேவைப்படும். சூரியனை அணைக்க சுவிட்ச் கிடையாதே!

ஒரு பாட்டில் தண்ணீர்

விலை கொடுத்து ஒளிக்குழாய் வாங்க முடியாதவர்களுக்கும் ஒரு வழி பிறந்தது. பிரேசிலில் உபெராபா நகரைச் சேர்ந்த மெக்கானிக் ஆல்ஃப்ரெடோ மோசர் 2002ல் அதைக் கண்டார். இரண்டு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீர் நிரப்பி, பாசி பிடிக்காமல் இருக்க இரண்டு மூடி பிளீச்சிங் திரவம் ஊற்றி, கூரைத் துளையில் பாதி வெளியேயும் பாதி உள்ளேயும் இருக்கும்படி பொருத்தினார். தண்ணீர் ஒளியை வளைத்து அறை முழுவதும் பரப்பியது. நல்ல வெயிலில் 40 முதல் 60 வாட் குண்டு பல்பு அளவுக்கு வெளிச்சம் கிடைத்தது. பிலிப்பைன்ஸில் இலாக் டியாஸ் 2011 முதல் இதை ஓர் இயக்கமாகவே நடத்தி, நெருக்கமான தகரக் கூரை வீடுகளுக்குக் கொண்டு சென்றார்.

அந்த வீடுகளில் பாட்டிலை எங்கே வைப்பது என்று யோசிக்க ஓர் அறைதான் இருந்தது. ஆனால் விதி அதேதான். சுவர் வழியே வெளிச்சம் வராத இடம், பகலில் ஆள் இருந்து வேலை செய்யும் இடம் - இவை இரண்டும் சேரும் புள்ளிதான் கூரையில் துளைக்கு உரிய இடம். பாந்தியன் போன்ற ஆலயம் ஆனாலும் தகரக் கொட்டகை ஆனாலும், துளையிடுவதற்கு முன் பகலில் வீட்டின் எந்த மூலையில் யார் இருட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்ப்பதுதான் முதல் வேலை.