குதிரைத்திறன் வரம்பும் ஏரி உரிமையும்: மின்னசோட்டா எல்லைநீர்ப் பகுதியின் மோட்டார் படகு வரலாறு (1909 – 1999)

ஆய்வுச் சுருக்கம்

சிறிய, நடுத்தர ஏரிகளில் இயங்கும் படகுகளின் மோட்டார் திறனுக்குச் சட்டம் வரம்பு விதிப்பது இன்று பல நாடுகளில் காணப்படும் வழக்கமாகும். இவ்வரம்பு பெரும்பாலும் பாதுகாப்பு அல்லது சூழலியல் சார்ந்த தொழில்நுட்ப அளவாகவே கருதப்படுகிறது. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநில வட எல்லையில் அமைந்த ஏரித் தொகுதிக்கு 1978ஆம் ஆண்டுச் சட்டம் விதித்த 10, 25 குதிரைத்திறன் வரம்புகளை இக்கட்டுரை வரலாற்றுச் சான்றாகக் கொண்டு ஆராய்கிறது. அவ்வெண்கள் ஏரியின் பரப்பையோ ஆழத்தையோ பின்பற்றவில்லை என்பதும், யார் எந்த நீரில் எத்துணைக் காலம் தொழில் நடத்தலாம் என்னும் அரசியல் உடன்பாட்டையே அவை பதிவு செய்கின்றன என்பதும் இங்கு நிறுவப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: அவுட்போர்டு மோட்டார், குதிரைத்திறன், எல்லைநீர்ப் பகுதி, நீர்நிலை உரிமை, சூழலியல் வரலாறு.

முன்னுரை

சட்டநூல்களில் இடம்பெறும் எண்களை வரலாற்றாய்வாளர் பெரும்பாலும் கடந்து சென்றுவிடுகின்றனர். விவாதங்களும் தீர்ப்புகளும் பெறும் கவனத்தை அட்டவணைகள் பெறுவதில்லை. ஆயின், ஒரு சட்டத்தின் உண்மையான சமரசம் பல வேளைகளில் அதன் அட்டவணையில்தான் பொதிந்திருக்கும். இக்கருத்துக்குத் தக்க எடுத்துக்காட்டாக அமைவது பவுண்டரி வாட்டர்ஸ் கனோ ஏரியா வில்டர்னஸ் (இனி, எல்லைநீர்ப் பகுதி) எனப்படும் நிலப்பரப்பாகும். அமெரிக்க – கனடிய எல்லையை ஒட்டி, சுப்பீரியர் தேசியக் காட்டுக்குள் அமைந்த இப்பகுதி 10 லட்சம் ஏக்கருக்கும் மேற்பட்டது. ஆயிரத்துக்கும் மிகுதியான ஏரிகளைக் கொண்டது. ஓர் ஏரியிலிருந்து அடுத்த ஏரிக்குப் படகைத் தோளில் சுமந்து கடக்கும் நடைவழிகள் இவ்வேரிகளை இணைக்கின்றன. இக்கட்டுரையில் அவை தூக்குவழிகள் எனக் குறிக்கப்படுகின்றன. ஒஜிப்வே மக்களின் கனோ என்னும் துடுப்புப்படகுகளும், பின்னர் மென்மயிர்த் தோல் வணிகரின் படகுகளும் இவ்வழிகளிலேயே இயங்கின.

எந்திரத்தின் வருகை

படகின் பின்பலகையில் மாட்டவும் கழற்றவும் இயலும் அவுட்போர்டு மோட்டாரை வணிக அளவில் வெற்றிபெறச் செய்தவர் நார்வேயிலிருந்து குடியேறிய ஓலே எவின்ரூட் ஆவார். 1909ஆம் ஆண்டில் விஸ்கான்சின் மாநில மில்வாக்கி நகரில் அவர் உருவாக்கிய மோட்டார் ஏறத்தாழ 1.5 குதிரைத்திறன் கொண்டது. 62 பவுண்டு எடையுள்ளது. சுப்பீரியர் தேசியக் காடு அறிவிக்கப்பட்டதும் அதே 1909ஆம் ஆண்டில்தான். எனவே, காட்டைக் காப்பதற்கான நிறுவன ஏற்பாடும், அக்காட்டின் உள்ளேரிகளை எளிதில் எட்டச்செய்த கருவியும் ஒரே காலத்தில் தோன்றின எனலாம்.

தொடக்கத்தில் இவ்விரண்டுக்குமிடையே முரண் எழவில்லை. 62 பவுண்டு எந்திரத்தைத் தூக்குவழியில் சுமப்பது கடினம். 1920களில் ஜான்சன் நிறுவனம் 35 பவுண்டு எடையுள்ள மோட்டாரை விற்கத் தொடங்கியபின் நிலைமை மாறியது. ஒருவர் கையில் எடுத்துச் செல்லத்தக்க எந்திரம் தூக்குவழியையும் கடந்தது. உள்ளேரிக் கரைகளில் மீன்பிடி விடுதிகள் பெருகின. ஈலி என்னும் சுரங்க நகர் இவ்விடுதிகளுக்கு நுழைவாயிலாயிற்று. இரும்புச் சுரங்கத் தொழில் தளர்ந்த காலங்களில் விடுதி, வழிகாட்டல், படகு வாடகை ஆகியவையே அந்நகரினரின் மாற்று வருவாயாக அமைந்தன. பின்னாளில் எழுந்த சட்டப் போராட்டத்தில் ஈலி மக்கள் காட்டிய சினத்தை இப்பின்னணியின்றிப் புரிந்துகொள்ள இயலாது.

வரம்புக்கு முந்தைய தடைகள்

மோட்டார் படகுக்கு முன்னரே பிற எந்திரங்கள் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டன. 1930ஆம் ஆண்டின் சட்டம் ஏரிக்கரைகளில் மரம் வெட்டுவதையும் நீர்மட்டத்தை மாற்றுவதையும் தடுத்தது. 1948ஆம் ஆண்டின் சட்டம் தனியார் விடுதிகளை விலைக்கு வாங்க நடுவண் அரசுக்கு அதிகாரமும் நிதியும் அளித்தது. 1949 டிசம்பரில் குடியரசுத் தலைவர் ட்ரூமன் பிறப்பித்த ஆணை, கடல்மட்டத்திலிருந்து 4,000 அடிக்குக் கீழே விமானங்கள் பறப்பதைத் தடைசெய்தது. நீர்விமானத்தில் வந்திறங்கும் விருந்தினரை நம்பியிருந்த விடுதிகள் இதனால் நலிந்தன. விமானம் விலக்கப்பட்ட நிலையில், உள்ளேரிகளுக்கு விரைவாகச் செல்வதற்கு எஞ்சியது அவுட்போர்டு மோட்டாரே.

1964ஆம் ஆண்டின் வனவெளிச் சட்டம் தான் காக்கும் பகுதிகளில் மோட்டார் படகுகளைப் பொதுவாக விலக்கியது. எனினும் எல்லைநீர்ப் பகுதிக்கெனத் தனி விலக்கு ஒன்றை அது இணைத்தது. ஏற்கெனவே நிலைபெற்ற மோட்டார் பயன்பாடு தொடரலாம் என்றது. இதனால் ஒரே நிலப்பரப்பு, எந்திரம் விலக்கப்பட்ட வனவெளியாகவும் எந்திரம் அனுமதிக்கப்பட்ட மீன்பிடி களமாகவும் ஒருங்கே விளங்கிற்று. அடுத்த 14 ஆண்டுகளின் பூசலுக்கு இம்முரணே வித்திட்டது.

1978: எண்ணாக மாறிய சமரசம்

1970களின் நடுப்பகுதியில் இரு எதிரெதிர் மசோதாக்கள் காங்கிரசில் முன்வைக்கப்பட்டன. ஜேம்ஸ் ஓபர்ஸ்டாரின் மசோதா பகுதியை இரண்டாகப் பிரித்து, ஒரு கூறினை மோட்டார் பயன்பாட்டுக்குரிய பொழுதுபோக்குப் பரப்பாக்க முனைந்தது. டொனால்டு ஃப்ரேசரின் மசோதா முழுப் பகுதியையும் வனவெளியாக்கி மோட்டார்களைப் பெருமளவு விலக்க விழைந்தது. 1977 ஜூலையில் ஈலியில் பொது விசாரணை நடைபெற்றபோது, வனவெளிக்காகச் சாட்சியமளித்த எழுத்தாளர் சிகர்டு ஓல்சனின் உருவப்பொம்மை தூக்கிலிடப்பட்டது. ஓல்சன் அதே ஊரில் வாழ்ந்தவர் என்பது இங்கு நோக்கத்தக்கது. 1978 செப்டம்பரில் செனட் வேட்பாளரைத் தேர்வதற்கான உட்கட்சித் தேர்தலில் ஃப்ரேசர் தோல்வியுற்றார். வடமின்னசோட்டா வாக்காளரின் எதிர்ப்பு அதற்கு முதன்மைக் காரணங்களுள் ஒன்று.

இறுதியில் வனவெளித் தரப்பின் வழக்கறிஞர் சார்லஸ் டேட்டனும் ஈலி நகரின் வழக்கறிஞர் ரான் வால்ஸும் பேசி வகுத்த உடன்பாடே சட்டத்துக்கு அடித்தளமாயிற்று. 1978 அக்டோபர் 21 அன்று குடியரசுத் தலைவர் கார்ட்டர் அதில் கையொப்பமிட்டார். அச்சட்டத்தின் 4ஆம் பிரிவு ஏரிகளைப் பெயர் சொல்லிப் பட்டியலிடுகிறது. ஸ்னோபேங்க், மூஸ், ஃபால், ஈஸ்ட் பேர்ஸ்கின் முதலிய ஏரிகளில் 25 குதிரைத்திறன் வரை அனுமதி. கிளியர்வாட்டர், நார்த் ஃபௌல், சவுத் ஃபௌல் முதலியவற்றில் 10 குதிரைத்திறன் வரை மட்டுமே. பட்டியலில் இடம்பெறாத ஏரிகளில் மோட்டாருக்கு இடமில்லை.

இவ்விரு எண்களுக்கும் இடையிலான வேறுபாடு படகோட்டிக்கு மிகத் தெளிவானது. 25 குதிரைத்திறன் மோட்டார், இரண்டு மூன்று பேர் அமர்ந்த அலுமினியப் படகை நீரின்மேல் எழும்பி வழுக்கிச் செல்லவைக்கும். 10 குதிரைத்திறன் மோட்டாரில் அதே சுமையுடைய படகு பெரும்பாலும் நீரைக் கிழித்தே மெல்ல நகரும். எனவே வேகத்தடை எதுவுமின்றியே வேகத்தையும், ஒருநாளில் எட்டத்தக்க தொலைவையும் இவ்வெண் வரையறுத்தது.

எண்ணின் தருக்கம்

வரம்பு சூழலியல் அளவாக இருப்பின், சிறிய ஏரிக்குக் குறைந்த திறனும் பெரிய ஏரிக்கு மிகுந்த திறனும் வழங்கப்பட்டிருக்க வேண்டும். சட்டம் காட்டும் நிலை வேறு. சுமார் 600 ஏக்கர் பரப்புள்ள ஈஸ்ட் பேர்ஸ்கினில் 25 குதிரைத்திறன் அனுமதிக்கப்படுகிறது. அதைப்போல் ஏறத்தாழ இருமடங்கு பரப்பும், மிகுந்த ஆழமும் கொண்ட கிளியர்வாட்டரில் 10 மட்டுமே. சுமார் 4,000 ஏக்கர் பரப்புள்ள சீகல் ஏரியின் கீழ்ப்பகுதியிலும் 10 தான். பாதுகாப்பு என்னும் காரணமும் இதற்குப் பொருந்தவில்லை. அகன்ற ஏரியில் காற்றும் அலையும் எழும்போது கூடுதல் திறனே படகோட்டிக்குத் துணையாகும்.

சட்டத்தின் காலவரையறைகள் இம்முடிவை மேலும் உறுதிப்படுத்துகின்றன. நைஃப், கார்ப், குரூக்கட் ஆகிய ஏரிகளில் 1984 ஜனவரி 1 வரை மட்டும் மோட்டார் அனுமதிக்கப்பட்டது. சீகல் ஏரி த்ரீமைல் தீவை எல்லையாகக் கொண்டு இரண்டாகப் பகுக்கப்பட்டு, அதன் மேற்பகுதிக்கு 1999 ஜனவரி 1 வரை காலம் அளிக்கப்பட்டது. புரூல் ஏரிக்குரிய விதி இவற்றினும் வெளிப்படையானது. 1994 ஜனவரி 1 வரையோ, 1977இல் அக்கரையில் இயங்கிய விடுதி தொழிலை நிறுத்தும் வரையோ, இவற்றுள் எது முந்துகிறதோ அதுவரை மோட்டார் ஓடலாம் என்றது சட்டம். இங்கு ஏரியின் இயல்பு மாறவில்லை. விடுதியின் ஆயுளே ஏரியின் விதியாக எழுதப்பட்டது. விடுதி உரிமையாளர் தம் சொத்தை அரசே வாங்கிக்கொள்ளுமாறு கோரலாம் என்னும் 5ஆம் பிரிவையும் இதனுடன் இணைத்து வாசித்தல் வேண்டும்.

நைஃப் ஏரித் தீவில் 1930கள் முதல் வாழ்ந்த செவிலியர் டோரதி மோல்ட்டரின் வாழ்வு இவ்விதிகள் ஒவ்வொன்றின் தடத்தையும் தாங்கியது. விமானத் தடைக்குப்பின் குளிர்பானப் புட்டிகளை வருவிக்க இயலாமையால், ரூட் பீர் என்னும் பானத்தை அவரே தயாரித்துக் கனோப் பயணிகளுக்கு வழங்கினார். அவருடைய சொத்தை அரசு வாங்கிக்கொண்டபோதும், வாழ்நாள் முழுதும் அங்கேயே தங்க இசைவு பெற்றார். 1984இல் ஏரி மோட்டாருக்கு மூடப்பட்டபின்னும் அங்கேயே வாழ்ந்து 1986இல் மறைந்தார்.

நீதிமன்றத்தில் ஏரி

சட்டம் நிறைவேறியதும் மின்னசோட்டா மாநிலம் வழக்குத் தொடுத்தது. நீரும் ஏரிப்படுகையும் மாநிலத்துக்குரியவை. அவற்றின்மேல் ஓடும் மோட்டாரை நடுவண் அரசு கட்டுப்படுத்த இயலாது என்பது மாநிலத்தின் வாதம். 1981இல் 8ஆம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் மின்னசோட்டா எதிர் பிளாக் வழக்கில் இவ்வாதத்தை மறுத்தது. நடுவண் நிலத்தைக் காக்கும் நோக்கத்துக்கு ஊறு விளைவிக்கும் செயல்களை, அவை நடுவணுக்குச் சொந்தமற்ற நீரில் நிகழ்ந்தாலும், அரசியலமைப்பின் சொத்துக்கூறு வழியாகக் காங்கிரசு கட்டுப்படுத்தலாம் என அது தீர்ப்பளித்தது. நீரின் உரிமையும் நீர்மேல் எழும் ஒலியின் உரிமையும் இத்தீர்ப்பால் பிரிக்கப்பட்டன எனக் கொள்ளலாம்.

அதன்பின் பூசல் சொற்பொருளை நோக்கித் திரும்பியது. மோட்டார் படகுகளுக்கான நுழைவு ஒதுக்கீடு, குறிப்பிட்ட ஏரிக்கரையில் வீடு அல்லது விடுதி உடையோருக்கும் அவர்தம் விருந்தினருக்கும் அவ்வேரியளவில் பொருந்தாது எனச் சட்டம் கூறியிருந்தது. வனத்துறை இதனை மூஸ், நியூஃபவுண்ட், சக்கர் என இணைந்து கிடக்கும் ஏரித்தொடர் முழுமைக்கும் விரித்துப் பொருள் கொண்டது. 1999இல் அதே மேல்முறையீட்டு நீதிமன்றம், ஓர் ஏரி என்பது ஓர் ஏரியையே குறிக்கும் எனத் தெளிவாக்கியது. இதற்கு முந்தைய ஆண்டில் காங்கிரசு, படகுகளை வண்டியில் ஏற்றிச்செல்லும் இரு தூக்குவழிகளை மீண்டும் திறந்தது. அதற்கு ஈடாக ஆல்டர், கனோ என்னும் இரு சிறு ஏரிகளை மோட்டாரின்றி ஆக்கியது. ஏரிகளே பரிமாற்றப் பொருளாயின.

எந்திரத்தின் மறுமொழி

வரம்புகள் எந்திரத்தையும் பாதித்தன. ஏரிகள் பலவற்றில் 10 குதிரைத்திறன் வரம்பு நிலவிய சூழலில், அதற்குச் சற்றே கீழே நிற்கும் 9.9 குதிரைத்திறன் மோட்டார் 1970கள் முதல் தனிச்சந்தை பெற்றது. பல நிறுவனங்களின் 9.9, 15 ஆகிய இரு வகைகளும் ஒரே உருளைக்கட்டு கொண்டவை. கார்புரேட்டர் போன்ற சில உறுப்புகளிலும் மூடியின் மேலுள்ள எண்ணிலுமே வேறுபட்டவை. 1980களில் திறனை அளக்கும் இடம் எந்திரத் தலைப்பிலிருந்து சுழல்விசிறித் தண்டுக்கு மாறியபோது, அதே 10 என்னும் எண் முன்னதைவிடச் சற்று மிகுந்த ஆற்றலைக் குறிக்கலாயிற்று. சட்டத்தின் எண் மாறாதிருக்க, அதன் பொருள் நகர்ந்தது.

அட்டவணையில் இல்லாதோர்

இவ்வேரிகளை உள்ளடக்கிய நிலம் 1854ஆம் ஆண்டு லா பாயிண்ட் உடன்படிக்கையால் ஒஜிப்வே மக்களிடமிருந்து பெறப்பட்டது. அந்நிலத்தில் வேட்டையாடவும் மீன்பிடிக்கவும் அவர்கள் உரிமையைத் தக்கவைத்துக்கொண்டனர். 1978ஆம் ஆண்டின் சட்டம் நடைமுறையிலுள்ள உடன்படிக்கைகளைத் தான் பாதிக்காது எனக் கூறி அமைகிறது. வீட்டுரிமையாளர், விடுதியாளர், விருந்தினர் ஆகியோரைத் தனித்தனியே எண்ணிய அதன் மோட்டார் விதிகளில் அம்மக்கள் தனித்தரப்பாக இடம்பெறவில்லை. எல்லைக்கு அப்பால், கனடாவின் குவெட்டிகோ பூங்காவில் நிலை வேறு. அங்கு மோட்டார்கள் பொதுவாக விலக்கப்பட்டிருப்பினும், லாக் லா குரோ பழங்குடி வழிகாட்டிகள் சில ஏரிகளில் 10 குதிரைத்திறன் வரை பயன்படுத்த இசைவு பெற்றுள்ளனர். அதே எண் அங்கு ஒரு தடையாக அன்றி, ஒரு சமூகத்தின் வாழ்வுரிமைக்கான ஏற்பாகப் பொருள் பெறுகிறது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வருவன பெறப்படுகின்றன. எல்லைநீர்ப் பகுதியின் குதிரைத்திறன் வரம்புகள் ஏரியின் பரப்பு, ஆழம் ஆகியவற்றைச் சார்ந்து அமையவில்லை. 1970களில் நிலவிய தொழில், சொத்து, அரசியல் வலிமை ஆகியவற்றைச் சார்ந்தே அமைந்தன. வனவெளித் தரப்பு அமைதியைப் பெற்றது. ஈலி நகரினர் காலஅவகாசத்தையும் சில ஏரிகளையும் பெற்றனர். மோட்டார் விதிகள் எண்ணிய தரப்பினரின் நலனையே அவ்வெண்கள் காத்தன. ஆகவே, நீர்நிலைச் சட்டங்களை ஆராய்வோர் ஓர் எண்ணைக் கண்டவுடன் அது எதை அளக்கிறது என்பதோடு, யாருக்கிடையே அது முடிவாயிற்று என்றும் வினவுதல் வேண்டும். அட்டவணையை நிலப்படத்தோடும் சொத்துப் பதிவுகளோடும் ஒப்பிட்டு வாசிக்கும் இம்முறை, பிற நீர்நிலைகளின் வரலாற்றாய்வுக்கும் பயன்படத்தக்கது.