முகமது பின் துக்ளக் (1971 திரைப்படம்)

முகமது பின் துக்ளக், சோ ராமசாமி எழுதி, முதன்முதலாக இயக்கி, தலைப்புப் பாத்திரத்திலும் நடித்த தமிழ் அரசியல் நையாண்டிப் படம். அவருடைய விவேகா ஃபைன் ஆர்ட்ஸ் குழு 1968இல் மேடையேற்றிய நாடகமே படமானது. இசை எம். எஸ். விசுவநாதன். 1971 மார்ச்சில், நாடாளுமன்றத் தேர்தலும் தமிழகச் சட்டமன்றத் தேர்தலும் நடந்துகொண்டிருந்தபோது வெளிவந்தது.

வரலாற்றாசிரியர் ரங்காச்சாரி பழைய கல்லறை ஒன்றைத் தோண்டுகிறார். 14ஆம் நூற்றாண்டு டெல்லி சுல்தான் துக்ளக்கும் பயணி இப்னு பதூதாவும் உயிரோடு எழுந்து வருகிறார்கள். துக்ளக் தேர்தலில் நின்று பிரதமராகிறார். இந்த இருவரும் மகாதேவன், ராகவன் என்ற சாதாரண இளைஞர்கள். அரசியல்வாதிகளை அம்பலப்படுத்தவே வேடம் போட்டவர்கள் என்பது பின்னால் தெரிகிறது. பதவி ருசி கண்ட மகாதேவன் வேடத்தைக் கலைக்க மறுக்கிறார். உண்மையைச் சொல்ல வரும் நண்பனைத் துரோகி என்கிறார். கூட்டம் அவனைக் கொன்றுவிடுகிறது.

பிரதமர் துக்ளக்கின் ஆணைகளில் இரண்டு முக்கியமானவை. ஒன்று, பாரசீகம் ஆட்சிமொழி. 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின் காயம் ஆறாதிருந்தது. ஆட்சிமொழிச் சட்டத் திருத்தம் 1967 இறுதியில்தான் நிறைவேறியிருந்தது. இந்தி என்றால் ஒருவருக்குச் சாதகம், ஆங்கிலம் என்றால் இன்னொருவருக்கு. யாருக்கும் தெரியாத மொழியில் எல்லாரும் சமம். இரண்டாவது, கட்சி மாறி வந்தவர்கள் எல்லாருக்கும் துணைப் பிரதமர் பதவி. பதவிக்கு அடித்துக்கொள்வதை ஒழிக்க அதையே எல்லாருக்கும் பங்கிட்டுவிடுகிறார். சமத்துவத்தை ஆணை போட்டுக் கொண்டுவந்தால் என்ன ஆகும் என்று தமிழ்த் திரையில் இவ்வளவு கூர்மையாகக் கேட்ட படம் வேறில்லை.

மேலைநாட்டில் இதே கேள்வியை 1961இல் எழுப்பியவர் அமெரிக்க எழுத்தாளர் கர்ட் வானெகட். அவருடைய ‘ஹாரிசன் பெர்ஜரான்’ சிறுகதை 2081ஆம் ஆண்டில் நடக்கிறது. பலசாலி உடம்பில் இரும்புச் சுமை, அழகிக்கு முகமூடி, புத்திசாலியின் காதில் சிந்தனையைக் குலைக்கும் இரைச்சல். யாரும் யாரையும் மிஞ்சக் கூடாது என்பது சட்டம். ஷான் ஆஸ்டின் நடிக்க, புரூஸ் பிட்மன் இயக்கத்தில் 1995இல் தொலைக்காட்சிப் படமாகவும், 2009இல் ‘2081’ என்ற குறும்படமாகவும் அது வந்தது. அங்கே சுமையை ஏற்றுவது அரசு. சோவின் கதையில் எவரையும் எவரும் வற்புறுத்துவதில்லை. பதவி கொடுத்தால் வாங்கிக்கொள்கிறார்கள், மேடையில் பேசினால் கைதட்டுகிறார்கள். அதனால்தான் இது நம் ஊருக்கு இன்னும் நெருக்கமாகவும், என் கணிப்பில் இன்னும் அச்சமூட்டுவதாகவும் இருக்கிறது.

துக்ளக்கைச் சமத்துவத்தோடு சேர்த்துப் பார்த்த முதல் கலைஞர் சோ அல்லர். 1964இல் கிரீஷ் கர்னாட் கன்னடத்தில் எழுதிய ‘துக்ளக்’ நாடகம், சுல்தானை எதிர்த்துப் பிராமணர் ஒருவர் வழக்காடி வெல்வதோடு தொடங்குகிறது. இந்துவும் முஸ்லிமும் சட்டத்தின் முன் சமம் என்று சுல்தான் பெருமைப்படுகிறார். அந்தப் பிராமணர், வேடமிட்ட அஜீஸ் என்ற சலவைத் தொழிலாளி. உண்மைத் துக்ளக்கின் (ஆட்சி 1325–1351) காலத்து வரலாற்றாசிரியர் ஜியாவுத்தீன் பரணி, தாழ்ந்த குலத்தாருக்கு சுல்தான் பதவி கொடுத்தார் என்று வெறுப்போடு எழுதிவைத்தார். அந்த வெறுப்பையும் நினைவில் வைத்துத்தான் இந்தக் கதைகளைப் படிக்க வேண்டும்.

காரணம், சமத்துவ ஆணை என்றாலே கொடுங்கனவு என்று இந்தியாவில் சொல்லிவிட முடியாது. அரசர்கள் பிராமணர்களுக்கு நிலம் கொடுத்து அமைத்த குடியிருப்பே அக்ரஹாரம். மைசூரு நகரின் ஒரு பகுதி இன்றும் அந்தப் பெயரையே தாங்கியிருக்கிறது. ஏற்றத்தாழ்வும் அரசாணையால்தான் வந்தது. அதே மைசூர் சமஸ்தானத்தில் 1918இல் நான்காம் கிருஷ்ணராஜ உடையார், அரசு வேலைகளில் பிராமணரல்லாதாருக்கு இடம் கிடைக்க வழிதேடி, தலைமை நீதிபதி லெஸ்லி மில்லர் தலைமையில் குழு அமைத்தார். திவான் விசுவேசுவரய்யா இதில் உடன்படாமல் பதவி விலகினார். வானெகட்டின் கதையில் சுமையை ஏற்றிய சட்டம், இங்கே பிறப்பு ஏற்றிய சுமையை இறக்க முயன்றது.

படம் வந்த காலமும் அப்படிப்பட்டதே. 1969 ஜூலையில் 14 வங்கிகள் நாட்டுடைமையாயின. மைசூர் மகாராஜா ஆண்டுக்கு 26 லட்சம் ரூபாய் பெற்றுவந்த மன்னர் மானியத்தை, 1971 டிசம்பரில் அரசமைப்பின் 26ஆம் திருத்தம் ஒழித்தது. இந்திரா காந்தியின் பெரிய அறிவிப்புகளை சோ சந்தேகத்தோடு பார்த்தார். 1970 பொங்கலன்று அவர் தொடங்கிய இதழுக்கும் துக்ளக் என்றே பெயர். படம் வெளிவந்த அடுத்த ஆண்டே அது தெலுங்கில், நாகபூஷணம் நடிப்பில் மறுஆக்கம் கண்டது.

படம் கிண்டலடித்த கட்சித் தாவலைத் தடுக்க 1985இல் அரசமைப்பு திருத்தப்பட்டது. ஆனாலும் 1997இல் உத்தரப் பிரதேசத்தில் கல்யாண் சிங், பிற கட்சிகளை உடைத்து வந்தவர்களையும் சேர்த்து 93 பேர் கொண்ட அமைச்சரவை அமைத்தார். அமைச்சர்களின் எண்ணிக்கை அவை உறுப்பினர்களில் 15 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்ற வரம்பு, 91ஆம் திருத்தத்தின் வழியாக 2003இல்தான் வந்தது.