ஆனர்ஸ் வகுப்பு வளர்த்த அறிவியல் மரபு

நம் மாநிலக் கல்லூரி 1840 அக்டோபரில், எழும்பூரில், ஓர் ஆயத்தப் பள்ளியாகத் தொடங்கியது. கேம்பிரிட்ஜில் கணிதம் பயின்ற ஈ.பி. பவல் அதன் தொடக்ககாலத் தலைமையாசிரியர். தம் உழைப்பின் பெரும்பகுதியை இப்பள்ளிக்கே ஈந்தவர். 1855இல் பிரசிடென்சி கல்லூரி என்ற பெயர் வந்தது. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் பிறந்தது. 1870இல் சிஷோம் வடிவமைத்த கடற்கரைக் கட்டடம் நமக்கு நிலையான இல்லமாயிற்று.

புதிய நூற்றாண்டின் முதல் பெருமை சி.வி. ராமன். 1904இல் பி.ஏ. தேர்வில் முதலிடம் பெற்றார். எம்.ஏ. மாணவராக இருந்தபோதே, 1906இல், அவருடைய முதல் ஆய்வுக் கட்டுரை இலண்டன் இதழில் வெளிவந்தது. வகுப்பறைக்குக் கட்டுப்படுத்தாமல் ஆய்வுக்கூடத்தில் அவரை விருப்பம்போல் உழைக்க விட்டவர் பேராசிரியர் ஜோன்ஸ்.

அடுத்த பத்தாண்டின் வரலாறு வடசென்னைத் துறைமுகத்தில் தொடங்குகிறது. 1912 மார்ச்சு முதல் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தராக இருந்த கணித மேதை சீனிவாச ராமானுஜனிடம் பட்டம் இல்லை. பல்கலைக்கழகத்தின் ஆய்வு உதவித்தொகையோ முதுகலைப் பட்டதாரிகளுக்கு உரியதாக இருந்தது. துறைமுகத் தலைவர் பிரான்சிஸ் ஸ்பிரிங், மேலாளர் நாராயண ஐயர் ஆகியோரின் முயற்சியும் அறிஞர் கில்பர்ட் வாக்கரின் பரிந்துரையும் சேர, பல்கலைக்கழகம் விதியைத் தளர்த்தியது. 1913 மே முதல் மாதம் 75 ரூபாய் உதவித்தொகை கிடைத்தது. ஏட்டு விதியைவிடத் தகுதியே பெரிது என்று நம் பல்கலைக்கழகம் அன்று நிலைநாட்டியது.

இந்த நோக்கிற்கு முறையான வடிவம் தந்தது ஆனர்ஸ் வகுப்பு. இண்டர்மீடியட் முடித்தவர் சாதாரணப் பட்டத்தை அன்று இரண்டு ஆண்டில் பெற முடிந்தது. ஆனர்ஸ் மாணவரோ ஒரே பாடத்தில் ஆழ்ந்து மூன்று ஆண்டு படிக்க வேண்டியிருந்தது. அந்த வகுப்பில் இடம் கிடைப்பதே ஒரு மதிப்பாக இருந்தது.

1920களில் அந்த இடத்தைப் பெற்றவர் எஸ். சந்திரசேகர். கணிதத்தில் நாட்டம் இருந்தும் தந்தையின் விருப்பப்படி இயற்பியல் ஆனர்சில் சேர்ந்தார். கணித விரிவுரைகளையும் தவறாமல் கேட்டார். 1928இல் கல்லூரிக்கு வந்த ஜெர்மானிய அறிஞர் சோமர்பெல்டைச் சந்தித்துப் புதிய குவாண்டம் இயற்பியலைக் கற்கத் தொடங்கினார். மறு ஆண்டே அவருடைய கட்டுரை இராயல் சொசைட்டி இதழில் வெளிவந்தது. 1930இல் பட்டம் பெற்று, அரசு உதவித்தொகையுடன் கேம்பிரிட்ஜ் சென்றார். 1983இல் நோபல் பரிசு அவரை வந்தடைந்தது.

ஆனர்ஸ் மரபில் வந்த இன்னொருவர் அல்லாடி இராமகிருஷ்ணன். அவர் உருவாக்கிய கணித அறிவியல் நிறுவனம் 1962 ஜனவரி 3 அன்று, நம் கல்லூரியின் பழைய ஆங்கில விரிவுரை மண்டபத்திலேயே, சந்திரசேகர் முன்னிலையில் தொடங்கியது.

காலப்போக்கில் பாடத்திட்டம் மாறியது. பழைய ஆனர்ஸ் வகுப்பின் இடத்தை எம்.எஸ்சி. ஏற்றது. அறிவியல் கல்வியும் பரவியது. பழைய வண்ணாரப்பேட்டை சர் தியாகராயா கல்லூரி 1950இலும், பாரதி மகளிர் கல்லூரி 1964இலும் வடசென்னைக்குக் கல்வியின் வாசலைத் திறந்தன.

புழலிலிருந்தும் எண்ணூரிலிருந்தும் திருவொற்றியூரிலிருந்தும் இன்று அறிவியல் பயில வரும் மாணவர்கள் இம்மரபின் உரிமையாளர்கள். பவல் முதல் நாராயண ஐயர் வரை தகுதியைக் கண்டு கைகொடுத்தவர்களின் கடமை இப்போது முன்னாள் மாணவர்களாகிய நம்முடையது. ஆழ்ந்து படிக்க விரும்பும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நூலும் உதவித்தொகையும் வழிகாட்டுதலும் கிடைக்கச் செய்வோம்.