வார்டு வாசலோடு நிற்கும் சமத்துவம்: மனநல மறுவாழ்வும் மருத்துவக் காப்பீடும்

உடல்நோய்ச் சிகிச்சைக்கு எந்த அடிப்படையில் காப்பீடு கிடைக்கிறதோ, அதே அடிப்படையில் மனநோய்ச் சிகிச்சைக்கும் ஒவ்வொரு காப்பீட்டு நிறுவனமும் வழிசெய்ய வேண்டும் என்கிறது மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017-இன் 21(4)ஆம் பிரிவு. சட்டம் 2018 மே 29 அன்று நடைமுறைக்கு வந்தது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் அதே ஆண்டு ஆகஸ்டில் சுற்றறிக்கை அனுப்பியும் நிறுவனங்கள் எளிதில் அசைந்துகொடுக்கவில்லை. சட்டம் நடைமுறைக்கு வந்தபோதே இந்தக் கடமையும் தொடங்கிவிட்டது என்று 2021 ஏப்ரலில் டெல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளிக்க வேண்டியிருந்தது. 2022 அக்டோபர் 31 என்று ஆணையம் இறுதிக் கெடுவும் வைக்க வேண்டியிருந்தது. இந்த வரலாறு பெரும்பாலும் வெற்றிக் கதையாகவே சொல்லப்படுகிறது. அந்த வெற்றி மருத்துவமனைக் கட்டிலோடு நின்றுவிட்டது என்பதும், அதற்கு நிறுவனங்களின் தயக்கத்தைவிட ‘அதே அடிப்படை’ என்ற சூத்திரமே கூடுதல் காரணம் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

இந்திய மருத்துவக் காப்பீடு உடல்நோயை ஒரு நிகழ்வாகப் பார்க்கிறது. நோயாளி தொடர்ந்து 24 மணி நேரமாவது உள்நோயாளியாக இருக்க வேண்டும். 10 லட்சத்துக்குக் குறைவான மக்கள்தொகை உள்ள ஊரில் 10 படுக்கைகளும் மற்ற இடங்களில் 15 படுக்கைகளும், இரவு பகலாகச் செவிலியரும் இருந்தால்தான் அந்த இடம் ‘மருத்துவமனை’. பகல்நேரச் சிகிச்சைக்கு 24 மணி நேர நிபந்தனையிலிருந்து விலக்கு உண்டு. ஆனால் அது மயக்க மருந்து அல்லது மரப்பு மருந்து கொடுத்துச் செய்வதாக இருக்க வேண்டும் என்கிறது வழக்கமான வரையறை. மின் அதிர்வுச் சிகிச்சையை மயக்க மருந்து இன்றிக் கொடுக்கக் கூடாது என்று மனநலச் சட்டத்தின் 95ஆம் பிரிவு தடுப்பதால், அது இந்த வரையறைக்குள் சிரமமின்றி வந்துவிடும். மறுவாழ்வுக்கான ஆறு மாதத் தொழிற்பயிற்சி வராது.

மறுவாழ்வில் உண்மையில் நடப்பது என்ன? மனச்சிதைவு உள்ள ஒருவருக்கு மருந்து தொடங்கிய சில வாரங்களில் காதில் கேட்கும் குரல்கள் அடங்கிவிடலாம். ஆனால் படுக்கையை விட்டு எழும் ஊக்கமோ, நாலு பேரோடு பேசும் விருப்பமோ, வேலையில் மனம் ஊன்றும் திறனோ மருந்தால் மட்டும் பெரும்பாலும் திரும்புவதில்லை. மறுவாழ்வுப் பணியாளர் அங்கேதான் தொடங்குகிறார். முதலில் குளியலறை வரை கூட வருகிறார். பிறகு வாசலில் நிற்கிறார். பிறகு நினைவூட்டுவதோடு சரி. கடையில் மீதிச் சில்லறையை எண்ணி வாங்குவது, தனியாகப் பேருந்து ஏறுவது என்று பயிற்சி படிப்படியாக வளரும். மனநல மருத்துவர் சாரதா மேனன் முன்னின்று 1984இல் சென்னையில் தொடங்கிய ஸ்கார்ஃப், 1993இல் தொடங்கப்பட்ட பேனியன் போன்ற அமைப்புகள் இத்தகைய பணியைப் பல்லாண்டுகளாகச் செய்துவருகின்றன.

இப்போது பாலிசியைப் புரட்டுவோம். ஆணையம் 2019இல் தரப்படுத்திய விலக்குகளில் ஐந்தாவதன் தலைப்பிலேயே ஓய்வுச் சிகிச்சையோடு மறுவாழ்வும் சேர்ந்து நிற்கிறது. ஆனால் தலைப்புக்குக் கீழே விவரிக்கப்படுபவை வேறு: சிகிச்சையின்றிப் படுத்திருப்பதற்காக மருத்துவமனையில் சேர்வது, குளிப்பாட்டவும் உடை உடுத்தவும் ஆள் வைக்கும் பராமரிப்பு, இறுதிக்கால ஆதரவு. ஒருவரைக் குளிப்பாட்டுவதும் அவர் தாமே குளிக்கும்படி பழக்குவதும் ஒன்றல்ல. முதலாவதில் உதவி நிலைத்திருக்கிறது. இரண்டாவதில் உதவியை விலக்கிக்கொள்வதே வேலை. இந்த விலக்கை அதன் வாசகத்தோடு சேர்த்துப் படித்தால் மனநல மறுவாழ்வு அதில் அடங்காது என்றே வாதிட முடியும்.

நிறுவனத் தரப்பின் சட்ட வாதத்தையும் ஒதுக்கிவிட முடியாது. சட்டத்தின் 2ஆம் பிரிவு மறுவாழ்வை மனநலப் பராமரிப்பின் பகுதியாக வரையறுக்கிறது. 18ஆம் பிரிவு இடைநிலை இல்லங்களையும் சமூகம் சார்ந்த மறுவாழ்வுச் சேவைகளையும் அரசின் கடமையாக்குகிறது. 21(4) மட்டும் ‘சிகிச்சை’யோடு நின்றுவிடுகிறது. சட்டம் இயற்றியவர்கள் மறுவாழ்வுச் செலவை அரசிடமே விட்டார்கள் என்று இதிலிருந்து வாதிடலாம். ஆனால் அதே சட்டம் மது, போதைப் பழக்கத்தோடு தொடர்புடைய மனநிலைகளை மனநோயின் வரையறைக்குள்ளேயே வைத்திருக்க, தரப்படுத்திய விலக்குகளில் பன்னிரண்டாவது மது, போதைச் சிகிச்சையை அப்படியே வெளியே தள்ளுகிறது. சட்டத்தின் எழுத்தை இவ்வளவு நுணுக்கமாக ஓரிடத்தில் மதிப்பவர்கள் மற்றோரிடத்தில் அதைக் கடந்துபோவது விந்தைதான்.

‘மறுவாழ்வுக்கு முடிவு கிடையாது, ஆகவே பிரீமியம் கணக்கிட முடியாது’ என்பது அடுத்த மறுப்பு. டயாலிசிஸுக்கும் பெரும்பாலும் முடிவு கிடையாது. ஆயினும் 24 மணி நேர நிபந்தனையைத் தளர்த்தி, முறைக்கு இவ்வளவு என்று காப்பீடு அதை ஏற்றுக்கொண்டிருக்கிறது. தேசிய அறக்கட்டளையின் நிராமயா திட்டம் இன்னும் நெருக்கமான முன்னுதாரணம். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளோருக்கு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை, வெளிநோயாளிச் செலவையும் தொடர் பயிற்சிச் சிகிச்சைகளையும் அது தாங்குகிறது. மனநோய் அந்த நான்கில் இல்லை. தொடர் பயிற்சிக்குக் காப்பீடு சாத்தியமே இல்லை என்ற பேச்சு, இத்திட்டத்துக்கு முன் நிற்காது.

எனினும் தனியார் பாலிசிகளைத் திருத்துவதால் மட்டும் பயன் பெரிதாக இருக்காது. வேலையை இழந்தவருக்குத்தான் மறுவாழ்வு அதிகம் தேவை. வேலை போகும்போது நிறுவனம் எடுத்துக்கொடுத்த குழுக் காப்பீடும் பொதுவாகக் கூடவே போய்விடும். பிறகு தனியாகப் பாலிசி எடுக்கப் போனால், நோய் ஏற்கெனவே இருப்பதால் 36 மாதம் வரை காத்திருக்க நேரும். மறுவாழ்வு கைகொடுக்கக்கூடிய காலம் பெரும்பாலும் அதற்குள் கழிந்துவிடும். எனவே முதல் மாற்றம் தமிழக முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீடு போன்ற அரசுத் திட்டங்களில் வருவதே பொருத்தம்: மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற்ற மையத்தில், மனநல மருத்துவர் எழுதிக்கொடுத்த பயிற்சித் திட்டத்துக்கு, நாள் கணக்கில் கட்டணம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை மதிப்பீடு செய்து நீட்டிப்பு.