தொடாமல் திருப்பும் காந்தம்

சேலம் ஃபேர்லேண்ட்ஸிலிருந்து நாமக்கல் புறப்படும் பழைய பிக்கப் வண்டி ஒன்றை எண்ணிக்கொள்ளுங்கள். ஸ்பீடாமீட்டரில் கிலோமீட்டர் எண்கள் நகருகின்றன. முள் மட்டும் 0-இல் நிற்கிறது. கேபிளை மாற்றினால் காசுதான் வீண். ஏன்?

1824-இல் பிரெஞ்சு அறிஞர் அராகோ, சுழலும் செம்புத் தட்டு தன்னைத் தொடாத காந்த ஊசியையும் உடன் இழுத்துச் செல்வதைக் கண்டார். காரணம் ஏழாண்டுகள் புதிராகவே கிடந்தது. 1831-இல் மின்தூண்டலைக் கண்டறிந்த ஃபாரடே அதை அவிழ்த்தார்: காந்தப்புலத்தில் உலோகம் அசையும்போது அதில் மின்னோட்டம் சுழல்கிறது. இந்தச் சுழல் மின்னோட்டத்தைக் கொண்டு வேகமானி அமைத்து 1902-இல் காப்புரிமை பெற்றவர் ஜெர்மனியின் ஓட்டோ ஷுல்ட்சே.

கியர்பாக்ஸிலிருந்து வரும் கேபிள் ஒரு காந்தத்தைச் சுழற்றுகிறது. அருகிலுள்ள அலுமினியக் கிண்ணம் அதைத் தொடாமலே திரும்ப முயல, மெல்லிய சுருள்வில் தடுக்கிறது. இந்த இழுபறியைத்தான் முள் வேகமாகக் காட்டுகிறது. கிலோமீட்டர் எண்களையோ பற்சக்கரங்கள் நேராகவே ஓட்டுகின்றன. ஆகவே எண் ஓடி முள் நின்றால் கேபிள் மீது குற்றமில்லை. கிண்ணத்தின் அச்சு சிக்கியிருக்கலாம். இரண்டும் நின்றால் கேபிளையும் அதன் முனைப் பற்சக்கரத்தையும் பாருங்கள். முள் துடித்தால், பெரும்பாலும் கேபிளில் கிரீஸ் வறண்டிருக்கும்.

காந்தம் வலுவிழப்பதுதான் பொல்லாதது. முள் 60 காட்டும். வண்டி அதற்கு மேல் ஓடிக்கொண்டிருக்கும்.