முகம்மது அலிக்கு எந்த இடம்?

1980-இல் சென்னை நேரு விளையாட்டரங்கில், முதலமைச்சர் எம்.ஜி.ஆர். முன்னிலையில், முகம்மது அலி தம் பழைய தோழர் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டி ஒன்று நிகழ்த்தினார். முந்திய ஆண்டே ஓய்வை அறிவித்திருந்த அவருக்கு அதுவரை மூன்றே தோல்விகள்.

குத்துச்சண்டை வரலாற்றில் அவர்தாம் முதல்வரா? பட்டத்தை 25 முறை காத்த ஜோ லூயிஸ் உண்டு. 49 போட்டிகளிலும் தோலாத மார்சியானோ உண்டு. எண்ணிக்கையை மட்டும் நோக்கின் அலி பின்தங்குவார். ஆயினும் பெட்டியின் மேலுள்ள வண்ணப்படத்தைக் கொண்டு வெடியின் திறத்தைக் கூறலாகாது என்பதைச் சிவகாசி வட்டாரத்து நேயர்கள் நன்கறிவர். எதிரே நின்றவர் யார் என்று பார்க்கவேண்டும். லிஸ்டன், பிரேசியர், போர்மன் ஆகிய மூவரையும் வென்றவர் அலி ஒருவரே. பின்னிருவரை வென்றதோ, வியட்நாம் போருக்குச் செல்ல மறுத்தமையால் 25 வயது முதல் மூன்றரை ஆண்டுகள் களம் மறுக்கப்பட்ட பின்னர்! எந்த அட்டவணையிலும் அவ்வாண்டுகளுக்கு இடமில்லை. ஆதலின் அலியையே முதலில் வைப்பேன்.

சென்னையை விட்டுச் சென்றபின், ஓய்வைக் கலைத்து, ஹோம்ஸிடமும் பெர்பிக்கிடமும் அவர் தோற்றதை நான் கணக்கிற் சேர்ப்பதில்லை. லூயிஸின் அன்பர்கள் சேர்ப்பார்களாயின், ஓய்விலிருந்து மீண்ட லூயிஸ் 1951-இல் மார்சியானோவிடம் வீழ்ந்ததையும் அவர்கள் சேர்த்தாகவேண்டும்.